டேனியலின் சட்டைக் காலர்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது டேனியல் போன் செய்தான். “அண்ணா, என்னைக் காப்பாத்தின முனிரத்தினம் அண்ணன் செத்துப் பூட்டாருண்ணா” என்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. அதற்கு முன்னால் பொறாமை வந்தது. டேனியலைக் காப்பாற்றியவன் நான்.

மூவரும் ஒரே கம்பி ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஒருநாள் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறி வெளியே பாய்ந்தது. டேனியல் விறைத்துப்போய் நின்றான். பின்னாலிருந்து அவன் காலரைப் பிடித்து நான் இழுத்தேன். என் பக்கத்தில் நின்ற முனி, “ஓடு, ஓடு” என்று கத்தினான். நடந்தது அவ்வளவுதான்.

நம் பெருமையை நாமே பேசுவதா என்று நான் வாயைத் திறக்கவில்லை. முனிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்த கையோடு, புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்வான். அவனைத் தெரிந்திருந்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவன் கதையில் முதலில் நாங்கள் இருவரும் சேர்ந்து இழுத்தோம். வருடம் போகப்போக நான் ஓரமாக நகர்ந்து, கடைசியில் கத்துகிறவன் ஆகிவிட்டேன். டேனியலும் கேட்டுக் கேட்டு அதையே நம்பினான்.

ஒருமுறை ரயிலில் கேட்டே விட்டேன். “முனி, அவனை இழுத்தது நான்டா.”

“இன்னா பாபு சொல்ற? அந்தக் காலரு இன்னும் என் கைலயே கீதுடா. நீ பக்கத்துல கத்திக்கினு இருந்த.”

பொய் சொல்கிற முனியை எனக்குத் தெரியும். அது அந்த முகமில்லை.

ஆலையின் மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். “மூளை எதையும் பூட்டி வைக்கிறதில்லைங்க. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் எடுத்து, கொஞ்சம் மாத்தித்தான் திரும்ப வைக்கும்” என்றார். முனியிடம் போய்ச் சொன்னேன். “அட, சொல்லாம வச்சிக்கினா துருப் புடிச்சிடும் பாபு” என்று சிரித்தான்.

சாவு வீட்டில் முனியின் மனைவி கோமதி என்னிடம் வந்தாள். “அண்ணா, நீங்க கூட இருந்தீங்க இல்ல? எம் பசங்களுக்கு அந்தக் கதைய ஒருவாட்டி சொல்லுங்கண்ணா.” எதிரே டேனியல். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன்.

இழுத்தது நான்தான், எந்தக் கோவிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் அன்று கண்ணை மூடியபோது, காலரைப் பிடித்திருந்தது முனியின் கை.

அவன் சொல்கிறபடியே சொன்னேன். பிள்ளைகள் அழுதார்கள்.

முனி, உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு நாள். அது என்னுடைய நாள்தான். ஆனால் நீ மாற்றிச் சொன்னபடி, உன் வாயால்தான் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.