செப்பேட்டு வளையத்தை வெட்டியவன்

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து கிளம்பினோம். நெவார்க் விமான நிலையம் ஏறக்குறைய இருபது மைல். மகள் கவிதா காரோட்டினாள். அந்நேரத்துக்கே ஃப்ரீவேயில் எல்லா வரிசைகளிலும் கார்கள்.

"எழுபத்தெட்டு வயசுல தனியா கலிஃபோர்னியா எதுக்குப்பா? வீடியோ கால்ல பேசினாப் போதாதா?"

போதாது என்றேன். எதற்குப் போகிறேன் என்பதில் பாதியைத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் கல்வெட்டுத் துறையில் வேலை பார்த்தவன். நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன், நெடுவாயில் நாடாழ்வார் என்ற சோழர் காலத்துச் சிற்றரசர் குடும்பத்தின் வம்சாவளியை ஆறு செப்பேடுகளிலிருந்து தொகுத்து வெளியிட்டேன். அந்த வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு பங்காளி வீடுகளில் ஏடுகள் மாறி மாறி ஒவ்வொரு வருஷம் இருக்கும். பட்டுத்துணி சுற்றியபடியே கைமாறும். பிரித்து எண்ணிப் பார்க்கும் வழக்கமில்லை. ஆறும் ஒரு செம்பு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் வாய் முத்திரை வார்த்து அடைக்கப்பட்டிருந்தது. அவற்றை என்னிடம் தந்தவர், அந்த வருஷம் ஏடுகள் இருந்த வீட்டுத் திருமலைச்சாமி. "படி எடுத்துக்குங்க சார். வளையத்த மட்டும் வெட்டிராதீங்க" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

வளையத்தோடு வைத்து, மை தடவித் தாளில் ஒற்றி மைப்படி எடுத்தால் ஓரத்து எழுத்துகள் சரியாக விழாது. ஒரு மதியம் அலுவலகத்தில் ரம்பத்தால் அறுத்துவிட்டேன். உரியவர் சம்மதத்தோடு வெட்டி, வெட்டினோம் என்று எழுதிவைப்பது எங்கள் தொழிலில் உண்டு. எனக்குச் சம்மதம் கிடைத்திருக்கவில்லை. ஆகவே கட்டுரையில் "ஏடுகள் என்னிடம் வந்தபோதே வளையம் வெட்டப்பட்டிருந்தது" என்று எழுதினேன். செப்பேட்டு அறிக்கைகளில் அடிக்கடி வரும் வாக்கியம். யாரும் அதில் நின்று படிப்பதில்லை.

மற்றப் பங்காளி வீட்டில் நின்று படித்தார்கள். இரண்டாம் ஏட்டிலிருந்து மூன்றாம் ஏட்டுக்கு வாசகம் தொடரவில்லை. நடுவே ஓர் ஏடு இல்லை. அதில் ஒரு தலைமுறையும் இளைய மகனின் பெயரும் போய்விட்டன. பங்காளிகள் தங்களை இளைய மகன் வழி என்பவர்கள். முத்திரை கலையாமல் வளையம் என்னிடம் வந்தது என்றிருந்தால், அந்த ஏடு பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொலைந்தது என்று விளங்கியிருக்கும். வெட்டுப்பட்டு வந்தது என்றதும், திருமலைச்சாமிதான் வெட்டி எங்கள் பெயரை எடுத்துவிட்டார் என்றார்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அவர் என் அலுவலகத்துக்கு வந்து, வளையம் முழுசாகத்தான் வந்தது என்று ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம். முடியாது என்றேன். அவர் திரும்ப வரவில்லை. சென்ற ஆண்டு, கலிஃபோர்னியாவின் டப்ளினில் மகன் செந்தில் வீட்டில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

ஆறரை மணி நேரப் பயணம். சான் ஃபிரான்சிஸ்கோவில் கடிகாரத்தை மூன்று மணி நேரம் பின்னுக்குத் திருப்பினேன். செந்திலே வந்து அழைத்துக்கொண்டார். டப்ளின் முப்பத்தைந்து மைல் இருக்கும். வழி நெடுக வைக்கோல் நிறக் குன்றுகள். ஐம்பதை நெருங்கும் அவருக்குத் தந்தையின் நெற்றி. வீட்டுக்குப் போகும்வரை எனக்குப் பொறுமையில்லை. காரிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டார். அடுத்ததில் திரும்பிய பிறகுதான் பேசினார்.

"எனக்குத் தெரியும் அங்கிள். எங்க அப்பா வெட்டல. அவர் ஒரு நட்டு போல்ட்டக்கூட கழட்ட மாட்டார், பயம்." சிரிக்கப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லி யூஸ் இல்ல. ஹூஸ்டன்ல அந்தப் பங்காளி வீட்டு ராஜரத்தினம் சித்தப்பா இருக்கார். அவர்ட்ட சொல்லுங்க. அப்பா போனதுக்கு ஒரு கால்கூட பண்ணல. பங்காளித் தீட்டுக்கூட காக்கல. அடுத்த மாசம் முதல் வருஷத் திதி. அவர் வந்து நின்னாப் போதும்."

வீட்டில் அவருடைய மகள், கல்லூரியில் படிப்பவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இஸ் ஹி த ரிங் கை?" என்று அப்பாவிடம் கேட்டாள்; இவர்தான் அந்த வளையத்து ஆளா என்று. "ஷ்ஷ்" என்றார் அவர். அந்த வீட்டில் எனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் செந்தில் ஹூஸ்டனுக்கு டிக்கெட் புக் பண்ணினார். நான் தடுக்கவில்லை.

சனிக்கிழமை. விமானத்தில் நான்கு மணி நேரம், கடிகாரத்தில் இன்னும் இரண்டு. ஹூஸ்டனில் கதவு திறந்ததும் சென்னையின் புழுக்கம். டாக்ஸியில் முதலில் இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் தெருவுக்குப் போனேன்; பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு பெட்டி மாம்பழம் பதினெட்டு டாலர். "கல்யாணமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் டாக்ஸிக்காரர். இல்லை, மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். "அப்படியானால் இரண்டு பெட்டி வாங்கியிருக்கலாம்" என்றார்.

மாலை நான்கு மணி. ராஜரத்தினம் ஓய்வுபெற்ற டாக்டர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! உங்க கட்டுரை இல்லாட்டி எங்க வம்சம் யாருக்குத் தெரியும்?" உள்ளே போய் அந்தக் கட்டுரை மட்டும் அச்சிட்ட தனிப்படியைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் அன்று நான் போட்டுக் கொடுத்த கையெழுத்து.

"டாக்டர், வளையத்த வெட்டினது நான். திருமலைச்சாமி இல்ல. அவர் குடுத்தப்ப முத்திரை முழுசா இருந்தது."

அவர் தனிப்படியைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்தார். "இங்க அப்படி எழுதலையே?"

"பொய் எழுதினேன்."

"நீங்க எதுக்கு சார் பொய் எழுதணும்? டிக்கெட் யார் போட்டா?"

"செந்தில்."

"ம்."

அந்த ஒரு எழுத்தில் நான் விலைக்கு வாங்கப்பட்ட சாட்சி ஆனேன். வாக்குக் கொடுத்தது, ரம்பம், பதவி உயர்வு எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சரோஜா நின்றுவிட்டார்.

"அவர் சொல்றதக் கொஞ்சம் காதுல வாங்குங்க. அந்த மனுஷன் போனதுக்கு ஒரு தலைமுழுக்குக்கூட போடல நீங்க. நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீ உள்ள போ. இவர் சொல்றது நெசம்னா நாப்பது வருஷமா நான்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தில் அந்த நாற்பது வருஷமும் வந்து நின்றதைப் பார்த்தேன். கொஞ்ச நேரந்தான். பிறகு தனிப்படியை என் முன் தள்ளினார்.

"எழுதுங்க. அந்த வரிக்குப் பக்கத்துலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினேன். "வளையத்தை வெட்டியவன் நான்." என் கைக்கு நாலு வருஷமாக நடுக்கம். ஐந்து நிமிடம் ஆயிற்று.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒத்துப்போகல சார். நீங்களே சொல்லுங்க, இத ஒரே ஆள் எழுதினதுன்னு நீங்க சர்டிஃபை பண்ணுவீங்களா?"

எழுத்து ஒத்துப்போகவில்லை என்று எத்தனையோ ஆவணங்களைப் போலி என ஒதுக்கியவன் நான். சரோஜா அம்மா காப்பியை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை விமான நிலையத்துக்கு டாக்டரே காரில் கொண்டுவந்து விட்டார். முப்பது மைலும் மழையைப் பற்றியும் முழங்கால் ஆபரேஷனைப் பற்றியும் பேசினார். செந்தில் என்னைக் கட்டாயப்படுத்தியிருப்பான், அதற்காக என்மேல் வருத்தமில்லை என்றார். பெட்டியை அவரே இறக்கி வைத்தார். "உடம்பப் பாத்துக்குங்க சார். உங்கள மாதிரி ஆளுங்க இனி வரப்போறதில்ல."

செந்திலை அழைத்துச் சொன்னேன். "விடுங்க அங்கிள், ட்ரை பண்ணீங்கல்ல" என்றார். பிறகு, திதிக்கு எத்தனை பேருக்குச் சமையல் சொல்வது என்று மனைவியிடம் கேட்பது போனில் எனக்குக் கேட்டது. சித்தப்பாவைச் சேர்க்காமல்தான் எண்ணினார்.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோன பங்காளிகளும் ஒரே தெருவில்தான் இருப்பார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சங்குச் சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டே தீரும்; கதவைச் சாத்திக்கொண்டாவது ஒருவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வான். டப்ளினுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவே நான்கு மணி நேரம் பறந்திருக்கிறேன். கீழே முழுக்க மலையும் வறண்ட நிலமும்.