மணிகளும் பதினாறு முடிச்சுகளும்

என் அப்பா மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எங்கள் தமிழ்க் கோயிலுக்குக் கோயில்பிள்ளையாக இருந்தார். மணியடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசைக்குச் சாமியாருடைய உடுப்பை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் மணிக்கயிறு அறுந்துபோயிற்று. துறைமுகத்தில் தொங்காங் என்கிற சரக்குப் படகுகளுக்குக் கயிற்று வேலை செய்கிற ஒருவரை யாரோ கூட்டிவந்தார்கள். அவர் அறுந்த முனைகளைப் பிரித்து, புரியோடு புரி சேர்த்து, ஒட்டிய இடமே தெரியாமல் பின்னிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "வேலை அவ்வளவு சுத்தம். ஆளும் அப்படித்தான் இருப்பான்" என்றார். ஆறு மாதத்தில் அவருக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்.

கல்யாணத்தன்று அம்மா தன்னுடைய செபமாலையை என் கையில் வைத்து மூடினாள். கறுப்பு மரமணிகளை நூலில் கோத்தது. வருஷக்கணக்காக அவள் விரல் பட்டு மணிகள் எண்ணெய் தடவியதுபோல் மின்னின.

ஜெலுத்தோங்கில், கடலோரமாக ஓர் ஓலைக்கூரை வீட்டில் குடித்தனம் வைத்தோம். அவர் நல்லவர். கறிமீன் வாங்கிவந்தால் நடுத்துண்டை என் தட்டில்தான் போடுவார். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றி ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்ல உட்கார்ந்தால் வாயே திறக்கமாட்டார். செபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர் மறுபாதியைச் சொல்ல வேண்டும். அப்பா வீட்டில் அது எட்டுப் பேர் குரலாக ஒலிக்கும். இங்கே நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, "நீங்களும் சொல்லுங்களேன்" என்றேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பக்தியில்லாத மனுஷனுக்கு அப்பா என்னைக் கொடுத்துவிட்டாரே என்று அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனோம். படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ். சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் தமிழர், சீனர் என்று அத்தனை சனமும் மெழுகுதிரியோடு நடந்தது. அவரவர் பாஷையில் எல்லாரும் செபம் சொன்னார்கள். இவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு என் பின்னால் வந்தார். எனக்கு மனம் கசந்துவிட்டது.

மறுநாள் திரும்பும்போது படகில் செபமாலையை எடுத்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பத்து மணிக்காவது பதில் சொன்னா என்னங்க, நாக்கு தேஞ்சா போயிடும்?" என்று கேட்டு, செபமாலையை அவர் கையில் திணித்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். மாலை அவருடைய சட்டைப் பொத்தானில் மாட்டியது. நான் விடாமல் இழுத்தேன். நூல் அறுந்தது.

மணிகள் படகின் தளமெங்கும் ஓடின. அலைக்குப் படகு சாயச் சாய ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருண்டன. தண்ணீர் வடிவதற்கு ஓரத்தில் வைத்திருந்த ஓட்டைகள் வழியாகக் கடலுக்குள்ளும் விழுந்தன. அவர் குப்புறப் படுத்து இரண்டு கைகளாலும் ஓர் ஓட்டையை மறைத்தார். ஒரு சீனக் கிழவி தன் மரக்கட்டைச் செருப்பைக் கழற்றி இன்னோர் ஓட்டைக்கு அடை கொடுத்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிரே அத்தர் கடை வைத்திருந்த ஒருவர் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து, கிடைத்ததையெல்லாம் தன் தொப்பியில் சேர்த்துக்கொண்டு வந்தார்.

"அழாதீங்க தங்கச்சி. மொத்தம் எத்தனை?"

"சின்னது அம்பத்துமூணு, பெருசு ஆறு, அண்ணே."

"நம்ம தஸ்பீஹ் மாலையில தொண்ணூத்தொம்பது லா. ஒண்ணு தொலைஞ்சாலும் விரலுக்குத் தெரிஞ்சிரும்." என் மடியில் கொட்டி, எனக்காக அவரே எண்ணிப் பார்த்தார். சின்ன மணி முப்பத்தெட்டு இருந்தது, பெரிய மணி ஐந்து. சிலுவை என் கையிலேயே இருந்தது. மீதி கடலுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாக இருந்தது.

மூன்றாம் நாள் வேலைவிட்டு வந்தவர் வலை பின்னுகிற உறுதியான நூல் ஒரு கண்டு கொண்டுவந்தார். வாசலில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து மணிகளைக் கோக்கத் தொடங்கினார். மணி இல்லாத இடத்தில் நூலை நாலைந்து சுற்றாகச் சுற்றி இழுத்தார். கறுப்பு மணியின் அளவுக்கே உருண்டையாக ஒரு முடிச்சு வந்து நின்றது. நான் உலை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தேன். எத்தனை மணிக்கு ஒரு பெரிய மணி வரவேண்டும் என்று தெரியாமல் கை தயங்கியது.

"பத்துக்கு ஒண்ணு" என்றேன்.

"அந்தப் பெரிய மணிக்கு என்ன சொல்லணும்?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. குனிந்த தலை நிமிரவில்லை.

"பரலோக மந்திரம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

கையில் இருந்த முடிச்சை இறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். பிறந்ததும் ஞானஸ்நானம் கொடுத்ததோடு சரி. அம்மாவும் அப்பாவும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். வளர்ந்ததெல்லாம் படகுக்காரர்களோடு. எழுத்தும் தெரியாது. கோயிலில் மற்றவர்களைப் பார்த்து எழுந்து நிற்பார், முழங்காலிடுவார், வாயை மட்டும் அசைப்பார்.

"கல்யாணத்துக்கு முந்தி சாமியார் மந்திரம் கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. சிலுவை போட்டுக் காட்டினேன். மீதியை உங்கப்பா பக்கத்துல நின்னு முந்திக்கிட்டுச் சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "நீ கோயில்பிள்ளை மக. உங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

நான்கு மாதமாக நான் பக்தியில்லாதவர் என்று நினைத்த மனுஷன், வெட்கத்தால்தான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் பின்னி முடித்தபோது பதினைந்து சின்ன முடிச்சும் ஒரு பெரிய முடிச்சும் இருந்தன. அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மணி வந்தால் முழுவதையும் நானே சொல்வேன். முடிச்சு வந்தால் மறுபாதியை அவர் சொல்ல வேண்டும். ஒரு செபமாலைக்குப் பதினாறு தரம் சொன்னால் போதும். அவருக்கும் மலைப்பாக இல்லை.

ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு பிழைதான். "எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்பது அவர் வாயில் "எங்கள் மழை நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று வந்தது. நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். திருத்தியபோது அவர் யோசித்தார்.

"நான் சரின்னுதான் நினைச்சேன். சுமத்ரா காத்து மழையோட அடிக்கறப்ப தொங்காங்ல நின்னு பாத்தாத்தான் தெரியும்."

மாலையை மந்திரித்து ஆசீர்வாதம் வாங்கச் சாமியாரிடம் கொண்டுபோனோம். அவர் பிரான்சிலிருந்து வந்தவர். புத்தகத்தில் படித்த தமிழைத் திருத்தமாகப் பேசுவார். மாலையை விரலால் தடவி, முடிச்சுகளில் நின்றார்.

"இதைக் கட்டியது யார்?"

நான் பின்னால் நின்றவரைக் காட்டினேன்.

"நல்லது. இந்த முடிச்சுக்கு என்ன செபமோ, அதைச் சொல்லும் பார்க்கலாம்."

இவர் கைகட்டி நின்று சொன்னார். நன்றாகத்தான் போனது. பயத்தில் கடைசியில் மறுபடியும் மழை வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாமியார் தாடியை நீவினார்.

"மழைக்கும் கேட்கலாம், தடையில்லை. ஆனால் மரணத்தை விட்டுவிடாதேயும். அது நம் எல்லாருக்கும் வரும்" என்று சொல்லி, தீர்த்தம் தெளித்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் இவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். படகு கட்டிக் கரையேறியவர்போல் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

நாளடைவில் மணி, முடிச்சு என்ற வித்தியாசம் இல்லாமல் முழுவதும் சொல்லப் பழகிவிட்டார். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தலையைத் திருப்பக்கூடாது. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கோயில் முழுக்கச் சேர்ந்து ஆமென் சொல்லி ஓய்ந்த பிறகு, ஓர் ஆமென் மட்டும் தாமதமாக, சத்தமாக வரும். பக்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் முக்காட்டைச் சரி செய்வதுபோல் குனிந்துகொள்வேன்.