ஃபேயின் மூன்று நிமிடம்

நோலீன் டிரான்டரைப் போல வயிறெரிந்த மனுஷியை வாரபின் நகரத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் இசைநாடகக் குழுவில் நான் பியானோக்காரி. இருபது வருஷமாக அந்தப் புகைச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

பள்ளி கேன்டீனில் சாண்ட்விச் போடுவது அவள் பிழைப்பு. குழுவில் அவள் மாற்று நடிகை. நாயகி ஃபே குவில்டிக்கு முடியாமல் போனால் மேடையேற வேண்டியவள். ஃபேக்கோ இருபது வருஷத்தில் ஒரு தும்மல்கூட வரவில்லை. அவள் வசனமெல்லாம் நோலீனுக்கு மனப்பாடம். அவள் பேசப் பேச இவள் உதடு தானாக அசையும்.

எண்பது மில்லியன் டாலரில் கலையரங்கம் கட்டப்போவதாக நகராட்சி அறிவித்ததும் ஊர் இரண்டுபட்டது. ‘கட்டுங்கள்’ என்ற சுவரொட்டியில் ஃபேயின் சிரித்த முகம். அன்றே நோலீன் எதிரணிக்குப் போய்விட்டாள்.

“ஏண்டி, மழை பெஞ்சா பழைய ஹால்ல என் பியானோவுக்குக் குடை பிடிக்கணும். புதுசு வேண்டாமா?” என்றேன்.

“எங்க தெருவுல சாக்கடை பொங்குது. இவளுக்கு மினுக்க மேடை கேக்குதா?”

“அது பத்து வருஷமா பொங்குது. உனக்கு இப்பத்தானே நாறுது?”

திட்டத்துக்கு எதிராகக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டாள்.

நகராட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போடும் நாளில், மன்றத்தில் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். மணி அடித்தால் உட்கார வேண்டும். ஃபே தன் பேச்சை மூன்று வாரமாக நோலீனும் இருந்த எங்கள் குழு முன்னால் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் தெருத்தெருவாக ஆதரவு கேட்டுக் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. இரண்டு வரி பேசினாள். பிறகு வெறும் காற்றுதான் வந்தது.

எதிரணி வரிசையில், மடியில் நாலாயிரம் கையெழுத்தோடு இருந்த நோலீனின் வாய் அடுத்த வரியைச் சொல்லிவிட்டது. ஃபே ஒதுங்கி இடம் விட்டாள். இருபது வருஷம் காத்திருந்த காலுக்குக் கட்சி எங்கே தெரியும்? காகிதங்கள் தரையில் சிதற, எழுந்து நடந்தாள்.

“நோலீன், நீ நம்ம ஆளு!” என்று எதிரணியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

முழுப் பேச்சையும் பேசினாள், ஃபேயைவிட நன்றாக. கைதட்டல் அடங்கவே இல்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் திட்டம் நிறைவேறியது.

மறுநாள் பேப்பரோடு கேன்டீனுக்குப் போனேன். முதல் பக்கத்தில் கைகளை விரித்தபடி நோலீன். பேசுவோர் பட்டியலில் இருந்த பெயரையே படத்தின் கீழே போட்டிருந்தார்கள்: ஃபே குவில்டி.

அந்தப் பெயரை விரலால் மூடிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“கட்டட்டும். அங்கயாவது அவளுக்கு ஒரு நாள் தும்மல் வராமலா போயிடும்?” என்றாள்.