மூன்று நாத்தனார்களும் ஓர் எக்ஸும்

எழுத்தர் வேலைக்கான தேர்வுக்கு நான் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முப்பத்தோரு வயது. மதகடிப்பட்டில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் ஞாயிறுதோறும் பயிற்சி வகுப்பு. பொது அறிவை எல்லாம் நெட்டுருப் போட்டுவிட்டேன். வெறும் எண்களாகக் கொடுத்தால் கணக்கும் வந்துவிடும். அதையே வாக்கியமாக எழுதிக் கொடுத்தால்தான் வம்பு. கடைசி வரியைப் படிக்கும்போது முதல் வரி மறந்திருக்கும்.

"தெரியாததுக்கு எக்ஸ்னு பேர் வெச்சிடுங்க மேடம். அடுத்தது எக்ஸ் கூட்டல் ஒண்ணு, அதுக்கு அடுத்தது எக்ஸ் கூட்டல் ரெண்டு. அவ்ளோதான்" என்பார் வகுப்பெடுப்பவர். அவர் அவ்ளோதான் என்று முடிக்கும் இடத்தில்தான் எனக்குத் தலைவலி ஆரம்பிக்கும்.

மடுகரையில் எங்கள் வீட்டுக்குத் திருவிழாவுக்காக என் கணவரின் அக்காமார் மூவரும் வந்திருந்தார்கள். மூவரும் அடுத்தடுத்த வருடங்களில், மூவருமே மாசி மாதத்தில் பிறந்தவர்கள். இப்படி ஓர் ஒழுங்கு என் மாமனாரிடம் வேறு எந்த விஷயத்திலும் இருந்ததில்லை. பெரிய அண்ணிக்கு மட்டும் மூன்று வருடமாக முப்பத்தொன்பது வயது. யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார்.

சமையலறையில் மூவரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன்.

"அடுத்தடுத்த மூன்று முழுக்களின் கூடுதல் நூற்று இருபத்தாறைவிடக் குறைவு எனில், அவற்றுள் மிகப்பெரிய எண்ணின் அதிகபட்ச மதிப்பு என்ன?"

"அடுத்தடுத்த மூணா? நம்ம மூணு பேர் மாதிரிதான்" என்றார் நடு அண்ணி. "எங்க வயசயே வெச்சிப் போடேன்டி. சின்னவ எக்ஸு. நான் ஒண்ணு கூட. அக்கா ரெண்டு கூட."

சட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. மூன்று முழுக்கள் என்றால் ஓடாத மூளை, மூன்று நாத்தனார்கள் என்றதும் ஓடியது.

"ஆனா கூட்டுனா நூத்தி இருவத்தாறுக்குக் கம்மியா இருக்கணும் அண்ணி."

"அத்தவுடக் கம்மிதான்டி. தைரியமா எழுது" என்றார் பெரிய அண்ணி பெருந்தன்மையாக.

எழுதினேன். மூன்று எக்ஸ் கூட்டல் மூன்று, நூற்று இருபத்தாறைவிடச் சிறியது. மூன்றைக் கழித்து மூன்றால் வகுத்தேன். எக்ஸ் நாற்பத்தொன்றைவிடச் சிறியது. அப்படியென்றால் அதிகபட்சம் நாற்பது. மிகப்பெரிய எண் நாற்பத்திரண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டேதான்! வாழ்க்கையில் முதன்முறையாக வாக்கியக் கணக்கு ஒன்று சரியாக வந்த சந்தோஷத்தில், யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே மறந்து கத்திவிட்டேன்.

"பெரிய அண்ணிக்கு நாப்பத்திரண்டு!"

கீரை உருவுவது நின்றது.

"இன்னாடி இன்னா சொன்ன?"

"அதிகபட்சம் அண்ணி. அதுக்கு மேல போவாது. கம்மியாவும் இருக்கலாம்."

"ஆங். நான் கம்மி. முப்பத்தொம்பது."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. சின்ன அண்ணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கே நாப்பது முடிஞ்சிப் போச்சேக்கா. போன மாசம் கண்ணு கேம்ப்ல ஆதார பாத்துட்டுதான உள்ள வுட்டாங்க? நாப்பது முடியாதவங்கள வெளியவே திருப்பி அனுப்பிட்டாங்க."

என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. எக்ஸ் நாற்பதுக்குக் குறையாது என்று இன்னொரு வரியை எழுதிவிட்டது. நாற்பதுக்குக் குறையாது, நாற்பத்தொன்றைத் தொடாது. எண்கோட்டில் மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கியதில் தப்பிக்க வழியே இல்லாமல் ஒரே ஒரு புள்ளி நின்றது.

பெரிய அண்ணி நோட்டை எட்டிப் பார்த்தார். கணக்கு புரியாவிட்டாலும் ஆபத்து புரிந்துவிட்டது.

"அழி அத்த. என்னிய எக்ஸா வை. அவளுங்களுக்குக் கூட்டல் போடு."

"அப்போ நீங்க கடைசியா பொறந்ததா ஆயிடும் அண்ணி."

"ஆவட்டும்! கணக்குல தான?"

"அப்ப நான் உனக்கு அக்காவா? கால்ல வுழு" என்று நடு அண்ணி காலை நீட்டினார். சின்ன அண்ணி சிரித்த சிரிப்பில் உருவிய கீரையெல்லாம் மடியிலிருந்து சரிந்தது. சத்தம் கேட்டு என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா கலாட்டா?"

"அக்காவுக்கு நாப்பத்திரண்டுனு உன் பொண்டாட்டி கண்டுபுடிச்சிட்டா."

"இதுல கண்டுபுடிக்க இன்னா இருக்குது? ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பெரிய அண்ணி அன்று குழம்பில் குறை சொல்லவில்லை, அவ்வளவு கோபம். ஊருக்குப் போன பிறகும் போன் இல்லை. இதற்கிடையில் நானும் தேர்வு எழுதினேன். அடுத்தடுத்த இரட்டை எண்கள் என்று ஒரு கேள்வி வந்தது. மூவருக்கும் நடுவே இரண்டிரண்டு வருட இடைவெளி வைத்துப் போட்டேன், விடை வந்தது. வேலைதான் அந்த முறை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து பெரிய அண்ணியே கூப்பிட்டார். குரல் குழைந்திருந்தது.

"ஏம்மா, எதிர்வூட்டுக்காரி வயச அந்த எக்ஸு வெச்சி சொல்ல முடியுமா?"

"தெரிஞ்சதைச் சொல்லுங்க அண்ணி."

"பெரிய பொண்ணுக்குப் பத்தொம்பது. கல்யாணத்தப்போ இவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருந்திச்சாம். புருசனுக்கு அம்பத்தொண்ணு, இவ அவன வுடச் சின்னவ."

நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். "முப்பத்தேழுக்கு மேல, அம்பத்தொண்ணுக்குக் கீழ."

"அம்பத்தொண்ணுனே வெச்சிக்கட்டுமா?"

"அம்பத்தொண்ணு சேராது அண்ணி. கீழதான்."

போனில் ஏதோ முணுமுணுத்தார். விரல் விட்டு எண்ணுகிறார் என்று தோன்றியது.

"அப்ப அதிகபட்சம் அம்பது. சரியா?"

சரிதான். அதிகபட்சம் என்பது இருக்கலாம் என்றுதான் அர்த்தம், இருக்கிறது என்று அல்ல என்று நான் விளக்குவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெரு முழுக்க எதிர்வீட்டுக்காரிக்கு ஐம்பது வயதாகிவிட்டது.