ஓடைமேல் கிடந்த ஜீப்

கள்ளக்குறிச்சியில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே கம்ப்யூட்டர் வைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் தொழில். புது வண்டி வாங்கியவர் லட்டோடு வருவார், வண்டி செத்துப்போனவர் போலீஸ் தேடிய பிறகுதான் வருவார். பழைய வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் புண்ணியவான்களே, நீங்களும் கேளுங்கள்.

அப்பா பேரில் டிராக்டர்

சங்கராபுரத்துக்காரர் ஒருவர் ஓட்டை டிராக்டரின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை ரத்து செய்ய வந்தார். பார்த்தால், போய்ச்சேர்ந்த அவருடைய அப்பா பேரில் இருக்கிறது. முதலில் வாரிசு என்று காட்டி வண்டியை உங்கள் பேருக்கு மாற்றணும், அப்புறம்தான் ரத்து என்று விளக்கினேன். மனுஷன் ஆர்.சி.யை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ எம் பேருக்கு வந்து அது இன்னொரு தபா சாவணும், அதானங்க?"

போலீஸ் தேடிய பொன்னன்

கல்வராயன் மலையில் ஜீப் ஓட்டிப் பிழைத்தவர் பொன்னன். ஜீப் ஒரேயடியாகப் படுத்துவிட்டதும் எஞ்சினையும் பாடியையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தார். நம்பர் பலகையைக் கழற்றாமலே கொடுத்ததுதான் வம்பாகிவிட்டது. அந்தப் பலகையை எவனோ வேறு ஜீப்பில் மாட்டி, கீழே ரோட்டில் ஒரு ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். எழுத்தில் ஓனர் பொன்னன்தானே? போலீஸ் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது, அவர் என்னிடம் ஓடிவந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் பிடித்து ஏசிவிட்டேன். வண்டி இனி லாயக்கில்லை என்று ஆனால் பதினாலு நாளுக்குள் ஆபீசில் சொல்லி ஆர்.சி.யைத் திருப்பிக் கொடுக்கணும் என்று சட்டமே இருக்கிறதே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"ஆளு செத்தா சொந்தக்காரங்களுக்குச் சொல்லியனுப்புவோங்க. ஜீப்பு செத்ததுக்கு யாருக்குன்னு சொல்லியனுப்பறது?"

மிச்சம் இருந்த இரும்பு

ஜீப் எப்போதோ செத்தது என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் நம்பர் கொத்தியிருக்கும் துண்டை வெட்டி ஆபீசில் ஒப்படைக்கணும். அதையும் விற்றுத் தொலைத்தீரா என்றேன். இல்லை, ஊரில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூட்டிப்போனார்.

ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. அதன் குறுக்கே சேசிஸைப் போட்டு மேலே பலகை அடித்திருந்தார்கள். மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதும் அதன்மேல்தான். வெட்டினால் பாலம் உட்கார்ந்துவிடும், வெட்டாவிட்டால் இந்த மனுஷன் மாட்டிக்கொள்வார். ஊர்க்காரர்கள் வந்து சுற்றி நின்றார்கள். பொன்னன்தான் வெட்ட வேண்டாம் என்று சொன்னார்.

"நான் ஜெயிலுக்குப் போனா ஒரு ஆளுதாங்க போறேன். இத்த எடுத்தா ஊரே இந்தப் பக்கம் நின்னுபூடும்."

இன்ஸ்பெக்டர் நடந்து பார்த்தார்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வண்டி இன்ஸ்பெக்டர் மீது எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. எரிந்து விழுகிற ஆள். ஆனாலும் மனசு கேட்காமல் போய்ச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மலையேறி வந்தார். பாலத்தின்மேல் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பினார். கீழே இறங்கி, சேசிஸ் நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி.யோடு ஒத்துப்பார்த்தார். சட்டத்துக்கு நம்பர் இருக்கிற துண்டு போதும், முதலில் அடியில் கட்டையால் முட்டுக் கொடுங்கள் என்றார். ஊரே ஓடையில் இறங்கியது. வெல்டிங்காரர் அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து, அங்கே வேறு இரும்பை வைத்துப் பற்றவைத்தார்.

ஆர்.சி. ரத்தானது. அந்த ஆளை இடித்ததற்கு முன்பிருந்தே ஜீப் பாலமாகக் கிடந்ததை ஊராரிடம் விசாரித்து இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்ததும் போலீஸ் பொன்னனை விட்டுவிட்டது. ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுக்க நானே மலையேறினேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் தடதடவென்று பாலத்தில் ஓடி வந்தன. பொன்னன் ஆர்டரை வாங்கினாரே தவிர அதைப் பார்க்கவில்லை, பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"ஓடிக்கினு இருந்தப்பகூட இத்தினி பேரு இதுல ஏறலீங்க."

அந்த ஜீப் இனி எந்த ரோட்டிலும் ஓடக் கூடாது என்பது சட்டம். அதன்மேல் ஊர் நடக்கக் கூடாது என்று எந்தப் பிரிவிலும் இல்லை, தேடியே பார்த்துவிட்டேன்.