எங்கள் மேட்டில் அவளுடைய குழி

அந்தச் செய்தியை அவளே தொலைபேசியில் சொன்னாள். "கிடைச்சிட்டு கா! ரெண்டு வருசம். சம்பளம், பயணம், கிண்டுற செலவு எல்லாம் அவங்கதான்." நான் "சந்தோசம் கா" என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு சிரமப்பட்டு நான் ஒருநாளும் உச்சரித்ததில்லை. கலாநிதிப் பட்டம் முடித்துக் கொஞ்ச நாளேயான தொல்லியல்காரருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கொடுக்கிற புலமைப்பரிசில் அது. நானும் விண்ணப்பித்து நேர்முகம் வரை போயிருந்தேன். எனக்கு வந்த மின்னஞ்சல் வருத்தம் தெரிவித்துத் தொடங்கி, வாழ்த்துச் சொல்லி முடிந்திருந்தது. எதற்கு வாழ்த்து என்று இன்றுவரை தெரியவில்லை.

அவளுக்கு ஊர் பெரியகல்லாறு, எனக்குப் பழுகாமம். ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை, ஆய்வும் ஒரே பேராசிரியரிடம். பரீட்சைக்கு முதல் நாள் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது நான்தான். இதை இங்கே சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பட்டது போதாதென்று அவள் முதலில் கிண்டத் தேர்ந்த இடம் எங்கள் மேடு. பழுகாமத்தில் வாவிக் கரையை ஒட்டிய வயல் வட்டையில் எங்களுக்கும் ஒரு துண்டு இருக்கிறது. அம்மாவுக்குச் சீதனமாக வந்தது, எனக்கென்று வைத்திருப்பது. அதன் மூலையில், தண்ணீர் ஏறாமல், வெள்ளாமைக்கு உதவாமல் ஒரு மேடு. பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும்போது ஒரு விடுமுறையில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகளை அங்கே பொறுக்கினேன். இரண்டாயிரம் வருடப் பழைய வகை. அன்றிலிருந்து அந்த மேட்டுக்குள் ஒரு பழைய குடியிருப்பு புதைந்து கிடக்கிறது என்று நம்பினேன். என் விண்ணப்பம் முழுக்க அந்த ஒரு மேட்டைப் பற்றியதுதான். அவளுடையதில் வாவியோரத்து இடங்கள் பல இருந்தன. முதலாவதாக எங்கள் மேடு. அவளைக் கூட்டிப்போய் அதைக் காட்டியவளும் நானேதான்.

அரசாங்க அனுமதியை அவள் எடுத்துவிட்டாள். காணிக்காரியான அம்மாவின் சம்மதம் மட்டும் மிச்சம். அவள் விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"மனே, தொல்பொருள் எண்டு வந்தா காணிய எடுத்துப்போடுவாங்க எண்டு ஊரெல்லாம் கதைக்காங்க. இந்தப் புள்ளைக்கு ஓம் எண்டு சொல்லட்டா?"

ஊரில் அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. "வேணாம் அம்மா" என்று நான் சொன்னால் போதும், கதை அங்கேயே முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வேறு வழியே இருக்கவில்லை. கிண்ட என்னிடம் காசும் இல்லை, ஆளும் இல்லை. "ஓம் சொல்லுங்க" என்றேன். அம்மா என்னைப் பெருந்தன்மைக்காரி என்று நினைத்திருப்பார்.

அவள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். நான் அப்போது வளாகத்தில் வருகைதரு விரிவுரையாளர், மணித்தியாலக் கணக்கில் சம்பளம். விடியப்புறம் பாணையும் சம்பலையும் விழுங்கிவிட்டு ஸ்கூட்டியில் வாவியைக் கடந்து ஓடுவேன். திரும்பி வந்தால் அவளுக்கு நண்டுக்கறியும் தயிரும் பரிமாறி முடிந்திருக்கும். "பாவம், வெயிலுக்க நிக்கிற புள்ள" என்பார் அம்மா. நான் என்ன, நிழலுக்குள் தூங்கிவிட்டா வந்தேன்? அவளுடைய ட்ரோன், அவளுடைய சப்பாத்து, கழுத்தை மறைக்கிற தொப்பி, எல்லாம் எனக்கு எரிச்சல். மண் சுரண்டுகிற அவளுடைய சின்னக் கரண்டியை ஆளில்லாத நேரம் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். என் கைக்கு அளவாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

கிண்டத் தொடங்கியதும் என் பாடு இன்னும் மோசமானது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று மனசார வேண்டினேன். வேண்டிய மறு நிமிடமே பதறினேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் பொய்த்துப் போவது என் மேடு, நான் இத்தனை வருடம் நம்பியது. கிடைத்தால் பெயர் அவளுக்கு. ஒரு பொறாமைக்காரிக்கு நிம்மதியாகச் சாபம் போடக்கூட வழியில்லை. முதல் நாட்களில் ஓடுகள் நிறைய வந்தன. அவள் மண் சலிக்கிற அரிதட்டைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

ஒருநாள் வகுப்புக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் அவளோடு குழிக்குள் இறங்கினேன். ஓடுகள் கிடந்த மண்ணுக்குக் கீழே சுரண்டிக்கொண்டு போனேன். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எலும்பு என்று நினைத்தேன். தூரிகையால் தட்டினேன். இழை இழையாக வந்தது. இழுத்தால், யூரியாப் பை. வாயைத் தைத்த நூல்கூட அப்படியே இருந்தது.

கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது இது. இரண்டாயிரம் வருட ஓட்டுக்குக் கீழே உரப்பை கிடந்தால், அந்த மண்ணை யாரோ வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பக்கத்து வாய்க்காலைப் பார்த்தோம். எப்போதோ பெக்கோ இயந்திரத்தால் வாய்க்காலை ஆழப்படுத்தி, அள்ளிய மண்ணை எங்கள் வயல் மூலையில் குவித்திருக்கிறார்கள். குடியிருப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கிடைக்கவில்லை! அந்தச் சந்தோசம் அரை நிமிடம் இருந்திருக்கும். பிறகு, பொய்த்துப் போனது என் மேடும்தான் என்று உறைத்தது.

அவள் குழி விளிம்பில் குந்தியிருந்து பையைப் படம் எடுத்தாள். "ஒண்டும் இல்ல எண்டதும் ஒரு முடிவுதான் கா. எழுதி அனுப்புவம்" என்றாள். பிறகு, "நேர்முகத்துலயே என்னட்டக் கேட்டாங்க, அங்க ஒண்டும் கிடைக்காட்டி என்ன செய்வீங்க எண்டு. அடுத்த இடத்துக்குப் போவன் எண்டன். உன்னட்டயும் கேட்டாங்களா?"

"ஓம்."

"நீ என்ன சொன்ன?"

"ஞாபகம் இல்ல கா."

நன்றாக ஞாபகம் இருந்தது. "கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தேன். அவர்கள் மீண்டும் கேட்டார்கள். மீண்டும் அதையே சொன்னேன், குரலை உயர்த்தி. அடுத்த இடம் என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை.

அவள் எழுந்து மண்ணைத் தட்டினாள். "ஓடு வந்தது வாய்க்காலுக்குள்ள இரிந்துதான். அப்ப அந்தப் பக்கம் எங்கயோ இரிக்கு. வா கா, கரையோட நடந்து பாப்பம்."

"எனக்கு வகுப்பு."

"ஒரு நாளைக்கு விடன்."

"ஏலா கா."

அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்து போனாள். கொஞ்சமும் அவசரம் இல்லை. இடையில் நின்றாள், குனிந்து எதையோ பார்த்தாள், வேண்டாம் என்று போட்டுவிட்டு மறுபடி நடந்தாள். அவளுடைய சம்பளத்துக்கும் பெயருக்கும்தான் நான் இத்தனை நாளும் எரிந்தேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. பிழையாகிப்போன இடத்தை விட்டு அப்படி ஆறுதலாக நடந்து போக அவளால் முடிந்ததே, அதைப் பார்த்துத்தான் என் வயிறு முழுக்க எரிந்தது. நான் காலைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஏற்கெனவே பிந்தியிருந்தேன்.