ஆறுமணிக் குருவி நின்ற பற்றை

மகளுக்கு வீடு கட்டுவதற்காக எங்கள் வளவின் பின்பக்கத்துப் பற்றைக்காட்டை வெட்டச் சொன்னது நான்தான். தில்லையடியில் அக்கம்பக்கத்து வளவுகளெல்லாம் வீடும் மதிலுமாக மாறிய பிறகு, அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே பற்றை அது. ஓகஸ்டில் பெக்கோ இயந்திரம் வந்து அரை நாளில் வேலையை முடித்தது. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, பல வருடங்கள் ஓலைக்கொட்டிலில் கிடந்தவன் நான். மகளாவது கல்வீட்டில் குடியேற வேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறொன்றும் மனதில் இருக்கவில்லை.

மனைவி மட்டும் ஒருதரம் கேட்டாள். "மழைக்கு அந்தக் குருவி வருமே. எங்க போய் நிக்கும்?"

"அதுக்குக் காடா இல்ல? வேற இடம் பாத்துக்கொள்ளும்" என்றேன்.

அவள் சொன்னது ஆறுமணிக் குருவியை. கைக்குள் அடங்கும். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, வாலடியில் இரத்தச் சிவப்பு. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, மாரி தொடங்கும்போது கடல் தாண்டி இங்கே வரும். சித்திரை வரை தனியாக நின்று சருகைக் கிளறிப் புழு தின்னும். விடியலிலும் அந்திநேர மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னும் சீழ்க்கையடிக்கும். வருடாவருடம் வந்தது ஒரே குருவியா என்பது எனக்குத் தெரியாது. ஒரே குருவிதான் என்பாள் மனைவி.

ஒக்டோபரில், புது வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட மூன்றாம் நாள் காலை, எதுவோ வந்து மோதிய சத்தம் கேட்டது. மகள் ஓடினாள். சீமெந்துத் தரையில் குருவி கிடந்தது.

"உம்மா, மவுத்தாகிட்டு போல."

"இல்ல மகள், நெஞ்சு அடிக்குது." மனைவி அதைக் கையில் எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவ்வளவு கடலையும் தாண்டி வந்து, நம்மட கண்ணாடியில அடிபட்டிருக்கு."

சப்பாத்துப் பெட்டியொன்றில் துளை போட்டு அதற்குள் வைத்தோம். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பத்து மணியளவில் பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டது. அங்கேயே விட்டால் மறுபடியும் கண்ணாடி. மதிலில் பூனைகள் வேறு. மனைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினாள். வண்ணாத்திவில்லுப் பக்கம் காட்டோரத்தில் இறங்கினோம்.

பெட்டியைத் திறந்தும் குருவி உடனே வரவில்லை. பிறகு தத்தி இறங்கி, ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது. வலது இறக்கை சற்றுத் தொங்கினாற்போல் இருந்தது. அப்படியே தத்தித் தத்திப் பற்றைக்குள் போய்விட்டது.

"பறக்கல்லியே" என்றாள்.

"அது தரையில திரியிற குருவிதானே."

"ஓம். ஆனா சித்திரையில திரும்பக் கடலைத் தாண்ட வேணுமே."

இந்தக் குருவிகள் ஆளுக்கோர் இடம் பிடித்து நிற்பவை; பிந்தி வருவதை விரட்டிவிடும். அது திரும்பும் வழியில்தான் என் நினைவுக்கு வந்தது. அவளிடம் நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தன் பழைய சேலையொன்றைக் கிழித்து அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகக் கட்டினாள். புதுக் கண்ணாடியை ஏன் மறைக்கிறீர்கள் என்று வீட்டு வேலைக்கு வந்திருந்த மேசன் கேட்டார்.

"கிடக்கட்டும்" என்றாள்.

மகள் குடிவந்த பிறகும் அந்தத் துணியை ஒருவரும் அவிழ்க்கவில்லை.